மூச்சு வாங்குதல்

கொய்ஹைக்கேயில் ஜூலை என்றால் நடுக்குளிர்.
காற்று அசையாத பள்ளத்தாக்கு.
ஊர் விட்ட புகை ஊர்மேலேயே
மூடி போட்டாற்போல் கிடக்கும்.
அதில் ஒரு பங்கு
நான் விற்ற விறகு.

"எலியோதோரோ. லெங்கா மரம். காய்ந்தது."
லாரிக் கதவில் நானே எழுதியது.
அவசரத்துக்கு ஈரக்கட்டையும்
நடுவில் சொருகியதுண்டு.

முதலில் வெறும் சளிதான்.
எமா பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள்,
ஒழுகும் மூக்கோடு
தம்பியின் வாயில் முத்தம் வைத்தாள்.
மூன்றாம் நாள் அலிரோ
பாலைப் பாதியில் விட்டுவிட்டு
முகத்தைத் திருப்பினான்.
நான்காம் நாள்
விலாவுக்குக் கீழே ஒரு குழி
விழுந்து விழுந்து எழுந்தது.
துருத்திபோல என்று சொல்ல வந்தேன்.
துருத்திக்கு வலிக்காது.

நோல்ஃபா கடிகாரம் பிடிக்க, நான் எண்ணினேன்.
அறுபதைத் தாண்டியதும்
எண்ணுவதை விட்டு
சாவியைத் தேடினேன்.

டாக்டர் பஸ்தியாஸ் பாலைவனத்து வடக்கிலிருந்து வந்தவள்.
எங்கள் குளிரை இன்னும் நம்பாதவள்.
ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி
அவன் முதுகில் வைத்தாள்.
"நுரையீரலின் கடைசிக் கிளைகள்,
நூல் கனம்தான் இருக்கும்.
வீங்கி, சளி அடைத்திருக்கிறது."
கிளை என்றதும் எனக்குப் புரிந்தது.

என்ன மருந்து?
"இதற்கு மருந்து இல்லை."
ஆன்டிபயாட்டிக்?
"இது வைரஸ், கேட்காது."
அக்கா பிள்ளைக்கு மெஷினில் ஆவி பிடித்தார்களே?
"இவனுக்கு அதனால் பயனில்லை."
பிறகு எதற்கு இங்கே?
"அவன் களைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள."

கோபம் வந்தது.
வாய் திறப்பதற்குள்
நர்ஸ் இதூர்ரா உப்புநீர் இரண்டு சொட்டு விட்டு
மூக்கிலிருந்து நீளமாய் ஒன்றை உறிஞ்சி எடுத்தாள்.
கண்ணாடி மீசைபோல ஆக்சிஜன் குழாய்.
இன்னொரு மெல்லிய குழாய் வயிற்றுக்கு.
சிரிஞ்சை அவள் உயர்த்திப் பிடிக்க
நோல்ஃபாவின் பால்
யாரும் தள்ளாமல் தானே இறங்கியது.
கால் விரலில் ஒரு சிவப்பு விளக்கு.
எண்பத்தெட்டு.
தொண்ணூறு.
தொண்ணூற்று மூன்று.

மூச்சு வாங்குகிறது என்பார்கள்.
வாங்குவதென்றால் விலை இருக்கும்,
விற்கிறவனுக்குத் தெரியாதா.
இங்கே யாரும் விலை சொல்லவில்லை.
ஆறாம் கட்டிலில் என் மகன்
கடனுக்கு வாங்கிக்கொண்டிருந்தான்,
நிமிடத்துக்கு எழுபது தரம்.

இரவு இரண்டு மணிக்கு
ஏழாம் கட்டில் தாய் என்னையே பார்த்தாள்.
"நீங்கள்தானே விறகு?"
ஆமாம்.
"போன லோடு எரியவில்லை. புகைந்தது."
சண்டைக்கு வரவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.
அவள் மகளுக்கும் அதே மீசை.

விடிகாலையில் இதூர்ராவிடம் கேட்டேன்,
புகையாலா?
அவள் குழாயின் டேப்பை மாற்றிக்கொண்டே,
"கொண்டுவந்தது வைரஸ்.
புகையும் சும்மா இருக்காது" என்றாள்.
அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் எதுவும் நடக்கவில்லை.
உறிஞ்சினார்கள், ஊட்டினார்கள், பார்த்திருந்தார்கள்.
அதற்கடுத்த நாளும் எதுவும் நடக்கவில்லை.
எதுவும் நடக்காமல் இருப்பதற்கு
இத்தனை பேர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

எட்டாம் நாள் அவன் அழுதான்.
பசிக்காக, முழுத் தொண்டையோடு.
வார்டே திரும்பிப் பார்த்தது,
நோல்ஃபா சட்டைப் பித்தானைத் தப்பாகக் கழற்றினாள்.

வீட்டில் இன்னும் இருமுகிறான்.
சில வாரம் இருக்குமாம், பயப்படத் தேவையில்லையாம்.
ஈரக்கட்டைகளைக் கொட்டகையில் தனியே அடுக்கிவிட்டேன்.
லாரிக் கதவில் "காய்ந்தது" என்ற சொல்மேல்
பெயிண்ட் அடித்திருக்கிறேன்.
அடுத்த கோடை கழியட்டும், மறுபடி எழுதலாம்.

எமா கதவருகிலேயே நிற்கிறாள்,
வாயைக் கையால் பொத்தியபடி.
யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை,
அவளாகத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.
வா என்றேன்.
தலையாட்டி மறுத்தாள்.
கையைக் கழுவிவிட்டு வந்து
பாதத்தில் வை என்றேன்.

கம்பளிக் காலுறையைக் கழற்றினாள்.
சிவப்பு விளக்கு எரிந்த அந்த விரலில்
வைத்தாள்.